முப்பது நாளுக்குள் பதில் வராவிட்டால்

மார்ச் 2

அக்காவுக்கு,

போனில் பேசினால் "மீட்டிங்கில் இருக்கேன்" என்று நான் வைத்துவிடுகிறேனாம். கடிதத்தை அப்படி வைக்க முடியாதாம். அதனால் இனிமேல் எழுதித்தான் பேசுவாயாம். அம்மா சொன்னாள். உன் பிடிவாதம் எனக்குத் தெரியாததா? நல்ல செய்தியோடு பணிந்து வருகிறேன்.

சட்டம் நேற்று அரசிதழில் வந்துவிட்டது. இனி எந்தத் துறையாக இருந்தாலும், ஓர் ஊரில் எதையாவது கட்டவோ இடிக்கவோ நிறுத்தவோ வேண்டுமென்றால் அந்த ஊர் மன்றத்தைக் கேட்டாக வேண்டும். சட்டம் அமைச்சர் பெயரில் இருக்கிறது. ஆனால் அதற்குக் கீழே வரும் இருபத்திரண்டு விதிகளும் என் மேசையில் எழுதியவை. ஜன்னல் இல்லாத அறை, பக்கத்தில் ஓயாமல் ஓடும் ஜெராக்ஸ் மெஷின், மூன்று வருட வேலை.

போன தடவை நான் வந்திருந்தபோது நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "உங்க ஆபீஸ்ல எங்க ஊரை மேப்ல பாத்திருப்பீங்க, அதுவும் தலைகீழா." கால்வாய்த் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்காமல் சாக்கடை கட்டிய கதையை எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தாய். எனக்குச் சுருக்கென்றது. பாதி விதிகளை அந்த ரோஷத்தில்தான் எழுதினேன்.

மன்றச் செயலாளர் வேலைக்குச் சம்பளமில்லை, ஏச்சு மட்டும் உண்டு என்று புலம்புவாயே. இனி உங்கள் மன்றத்தைக் கேட்காமல் ஒரு செங்கல்லை நகர்த்த முடியாது. இப்போதாவது ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்.

தம்பி


மார்ச் 12

தம்பி,

நல்ல வார்த்தை சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். அதற்குள் உன் அரசாங்கத்திடமிருந்து கவர் வந்துவிட்டது. ஒன்பதாம் தேதி, என் மருந்துக்கடையைத் திறந்த கையோடு. இருமல் மருந்து கேட்டு நின்ற ஆள் முன்னாலேயே பிரித்தேன்.

மழைத்தண்ணீர் தேங்காமல் இருக்க ஊரில் ஒரு பம்ப் ஸ்டேஷன் கட்டுகிறார்களாம். நல்லது. நாமும் எத்தனை மழைக்காலம் முட்டியளவு தண்ணீரில் நடந்திருக்கிறோம். அதற்கு இரண்டு இடம் பார்த்திருக்கிறார்களாம். ஒன்று, கால்வாய்த் தெரு. பத்தொன்பது வீடும் போக வேண்டும், அதில் ஏழாவது நம்முடையது. இரண்டு, பள்ளிக்கூட மைதானம். நானூறு பிள்ளைகளுக்கு ஓட இருக்கிற ஒரே மண். இரண்டில் ஒன்றுக்கு எதிரே டிக் போட்டு மன்றத் தீர்மானத்தோடு அனுப்ப வேண்டும். கட்டத்துக்குள் அடங்காத பதில் எழுதினால் பதிலே வரவில்லை என்று கொள்வார்களாம். முப்பது நாளுக்குள் பதில் வராவிட்டால் முதல் இடத்துக்கு மன்றம் சம்மதித்ததாக வைத்துக்கொள்வார்களாம்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "உங்கப்பாவைக் கட்டிக்கச் சம்மதமான்னு கேட்டப்ப எனக்குப் பல்வலி. வாயைத் திறக்கலை. அதையும் சம்மதம்னுதான் எழுதிக்கிட்டாங்க" என்றாள். சிரித்தோம். அப்புறம் அவள் எழுந்து சுவரைத் தடவிக்கொண்டே தண்ணீர் குடிக்கப் போனாள். வலது கண் முழுசாகப் போய்விட்டது, இடதில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. இந்த வீட்டுக்குள் மட்டும் அவளுக்கு யார் துணையும் வேண்டாம். மாற்று வீடு நாலாவது மாடியில் தருவார்களாம். அங்கே அவளை விட்டால் கட்டிலை விட்டு இறங்கமாட்டாள்.

இது எப்படிடா கேள்வியாகும்? வலது கையை வெட்டவா இடது கையை வெட்டவா என்று கேட்டுவிட்டு, உன் விருப்பப்படிதான் செய்தோம் என்று சொல்வதா? வேண்டாம் என்று எழுத ஒரு கட்டம் போட்டிருந்தால் காகிதம் தீர்ந்துபோயிருக்குமா?

அக்கா


மார்ச் 18

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. மேற்படி இரண்டு இடங்களையும் தேர்ந்தெடுத்தது பொறியியல் பிரிவு. அதில் எங்கள் பிரிவுக்குத் தொடர்பில்லை. மேற்படித் திட்டத்தில் என் குடும்ப வீடு சம்பந்தப்பட்டிருப்பதால் நான் அந்தக் கோப்பைத் தொடவே கூடாது.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஆபீஸ் கடிதம் மாதிரி இருக்கிறது. கிழித்துப்போட மனமில்லை, தொடர்கிறேன்.

முப்பது நாள் விதியை நல்லதுக்குத்தான் எழுதினேன், அக்கா. பல மன்றங்கள் கூட்டமே போடாது. ஆஸ்பத்திரிக்குக் கூரை போடுவதற்குக்கூட வருடக்கணக்காகக் காத்திருக்க வேண்டிவரும். மௌனம் சம்மதம் என்று சொன்னால்தான் விழுந்தடித்துக்கொண்டு கூடுவார்கள் என்று நினைத்தேன். கட்டத்துக்குள் பதில் என்பதும் அப்படித்தான். இல்லையென்றால் பத்துப் பக்கத்துக்குச் சண்டையை எழுதி அனுப்புவார்கள். முதல் இடமாக நம் தெரு வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை. நம் வீடு போவதில் எனக்கு மட்டும் சந்தோஷமா?

கூட்டம் போடு. மைதானம் என்று அவர்களே முடிவு செய்யட்டும். நீ ஓட்டுப் போடாதே. உன் வீடு அதில் இருப்பதால் நீ எழுதுவதோடு நிறுத்திக்கொள். அலுவலக முகவரிக்கு எழுதாதே, வீட்டுக்கு எழுது.

தம்பி


மார்ச் 30

தம்பி,

மேற்படித் தம்பிக்கு மேற்படி அக்கா எழுதுவது. கூட்டம் போட்டேன்.

எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற பழைய டிக்கெட் அறைதான் மன்றம். உள்ளே வரும்போதே பதினொரு பேரும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிடுவோம். டிரைவர் அண்ணனுக்கு டூட்டி இருக்கும், ஒருத்திக்குக் குழந்தை அழும், யாரும் கடைசிவரை இருப்பதில்லை. மேலே முக்கால் பக்கம் காலியாக விட்டு, கீழே கையெழுத்து. பேசி முடிந்ததும் நான் வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாகத் தீர்மானத்தை எழுதுவேன். ஒன்பது வருடமாக இப்படித்தான். ஒரு தடவைகூட யாரும் "என்ன எழுதினே" என்று கேட்டதில்லை. கேட்காததில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்றைக்கும் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். அதற்கப்புறம் ஒரு வார்த்தை ஒழுங்காகப் பேசவில்லை. விளையாட்டு வாத்தியார் மைதானத்தைத் தொட்டால் தன் பிணத்தின் மேல்தான் என்றார். கண்ணாடிக் கடைக்காரர், "பத்தொன்பது குடும்பத்தைத் தெருவில விட்டுட்டுப் பசங்க பந்து விளையாடணுமா" என்றார். இரண்டு பேரும் இருபது வருடச் சிநேகிதர்கள், தினமும் ஒன்றாக நடக்கப் போகிறவர்கள். நாற்காலி விழுந்தது. நாலு பேர், "இது கேள்வியே இல்ல, இதுக்குப் பதில் சொல்றதே அவமானம்" என்று எழுந்து போனார்கள். அவர்கள் சொன்னதுதான் சரி, ஆனால் சரியான பதிலுக்குக் கட்டம் இல்லையே. பிறகு வாத்தியார் போனார், அவர் போனதும் மற்றவர்கள் ஒவ்வொருவராக. கடைசியில் டிரைவர் அண்ணனும் நானும் மிஞ்சினோம். அவர் விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

இரண்டாம் கூட்டத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். ஆறு பேர் இல்லாமல் முடிவெடுக்க முடியாது. எட்டாம் தேதி கெடு. பதிவேடு என் மேசையில் இருக்கிறது. கீழே பதினொரு கையெழுத்து, மேலே வெறும் பக்கம்.

நான் என்ன செய்யட்டும்?

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லக் கூடாது. பொதுவாக ஒன்று சொல்கிறேன்.

எங்கள் அலுவலகம் பதிவேட்டின் நகலை மட்டும்தான் பார்க்கும். கையெழுத்து உண்மையா என்று பார்க்கும், எண்ணிக்கை சரியா என்று பார்க்கும். தீர்மானத்தை எப்போது எழுதினார்கள் என்று பார்ப்பதில்லை. அப்படிப் பார்க்க ஒரு விதியும் இல்லை.

அம்மாவின் கண்ணை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதற்குமேல் எழுதமாட்டேன். படித்ததும் கிழித்துவிடு.


ஏப்ரல் 21

தம்பி,

எழுதிவிட்டேன். "பள்ளிக்கூட மைதானத்தை மன்றம் ஏற்கிறது." ஒரே வரி. ஒன்பது வருடத்தில் நான் எழுதியதிலேயே அழகான கையெழுத்து அதுதான். ஒவ்வொரு எழுத்தாக அவ்வளவு மெதுவாக எழுதினேன்.

மறுநாள் முழுக்கக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, யார் முதலில் வந்து சட்டையைப் பிடிக்கப் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. பதினாறாம் தேதி உன் அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. "ஒருமனதான முடிவு" என்று போட்டிருந்தார்கள். மன்றப் பலகையில் ஒட்டச் சொல்லியிருந்தார்கள், ஒட்டினேன். அப்போதும் யாரும் கேட்கவில்லை.

ஏன் தெரியுமா? ஒவ்வொருவரும், தான் எழுந்து போன பிறகு மற்றவர்கள் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள் என்று நினைக்கிறார்கள். சலவைக் கடைக்காரர் சர்க்கரை மாத்திரை வாங்கும்போது, "நான் போனப்புறம் எல்லாரும் ஒத்துக்கிட்டீங்களாக்கும். சரி, ஊரோட ஒத்து வாழணும்" என்றார். நான் மாத்திரையை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டேன். இப்படியே நாலு பேர் சொல்லிவிட்டார்கள். பதினொரு பேரும் கூடித்தான் முடிவெடுத்தார்கள், ஆனால் அந்தக் கூட்டத்தில் யாருமே இல்லை.

ஒருத்தருக்குத்தான் தெரியும். டிரைவர் அண்ணன் பிரஷர் மாத்திரைச் சீட்டை நீட்டினார். மாத்திரையை வாங்கிப் பையில் போட்டார். "கடைசியா வெளிய போனது நான்தானே" என்றார். பதிலுக்கு நிற்கவில்லை.

இதில் தாங்க முடியாதது வாத்தியார். தன்னைத் தவிர்த்துவிட்டுக் கண்ணாடிக் கடைக்காரர்தான் மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டு சதி செய்தார் என்று நம்பிவிட்டார். இப்போது ஒருத்தர் காலையில் நடக்கிறார், மற்றவர் சாயங்காலம் நடக்கிறார். நேற்று கடையில் எதிரும் புதிருமாக நின்றார்கள். கண்ணாடிக் கடைக்காரர், "நான் என்னய்யா பண்ணேன்" என்று கேட்டார். வாத்தியார் என்னைப் பார்த்து, "அந்த ஆள் போனதும் மருந்து குடுங்க" என்றார். நான் கொடுத்தேன்.

கால்வாய்த் தெருவில் என்னைப் பார்த்தால் கைகூப்புகிறார்கள். வீட்டுக்குள் போவதற்குச் சுற்றிக்கொண்டு பின்வாசலால் போகிறேன்.

அக்கா


ஏப்ரல் 29

அக்கா,

உன் கடிதத்தைப் பல தடவை படித்துவிட்டேன்.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். புதிய சட்டத்தின்கீழ் வந்த முதல் தீர்மானம் உங்கள் ஊருடையது. எங்கள் இயக்குநர் அதை எல்லா மாவட்டக் கூட்டத்திலும் தூக்கிக் காட்டுகிறார். "தன் வீடுகளைக் காப்பாற்ற ஒரு ஊரே ஒரு மனதாகப் பேசியிருக்கிறது, இதுதான் மக்கள் குரல்" என்கிறார். நேற்று என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். நான் நின்றேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நீ வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று யோசி. தீர்மானம் செல்லாது என்பார்கள். அப்படியென்றால் முப்பது நாளில் பதில் வரவில்லை என்று ஆகும். அப்படியென்றால் பத்தொன்பது வீடும் போகும். உன் மனசாட்சிக்கு அடுத்தவர் வீட்டுச் சுவரையா விலையாகக் கொடுப்பாய்? வாத்தியாரும் அவர் சிநேகிதரும் இன்றில்லாவிட்டால் நாளை ராசியாகிவிடுவார்கள்.

ஒன்றும் செய்யாதே. இது ஒன்றுதான் நான் கேட்பது.

தம்பி


மே 15

தம்பி,

நீ கேட்ட அந்த ஒன்றைக்கூட நான் செய்யவில்லை.

வாத்தியார் மன்றத்திலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்தார். "பத்துப் பேர் சேர்ந்து ஒருத்தனை ஏமாத்துற இடத்துல எனக்கு என்ன வேலை" என்று எழுதியிருந்தார். அந்தக் காகிதத்தை வாங்கிக் கோப்பில் வைக்க என்னால் முடியவில்லை. உப்பைத் தின்றவள் தண்ணீர் குடித்துத்தானே ஆக வேண்டும். பன்னிரண்டாம் தேதி கூட்டினேன். முக்கியமான விஷயம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னதால் எல்லாரும் வந்தார்கள். பதிவேட்டை யாரிடமும் நீட்டவில்லை. நான் செய்ததை நின்றுகொண்டே சொன்னேன்.

திட்டுவார்கள் என்று நினைத்தேன். கண்ணாடிக் கடைக்காரர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் தரையைப் பார்த்தார். சலவைக் கடைக்காரர், "எங்க பேரை வச்சு எழுதினே. என் பேரை. ஏம்மா, என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே மைதானம்னு சொல்லியிருப்பேனே" என்றார். அதுதான் என்னை அடித்தது. அவர் அழுதார், தம்பி.

டிரைவர் அண்ணன்தான், "சரி, இப்ப கேளு. இன்னைக்காவது கேளு" என்றார்.

கேட்டேன். நான் ஓட்டுப் போடவில்லை. பத்துப் பேர் கை தூக்கினார்கள். மைதானத்துக்கு நாலு. கால்வாய்த் தெருவுக்கு ஆறு. சலவைக் கடைக்காரர் கை ஆறில் இருந்தது. டிரைவர் அண்ணன் கையும் அதில்தான். "நானூறு பிள்ளைங்க. உன் மேல கோவத்துல தூக்கலை, நம்பு" என்றார். நம்பினேன். மற்றவர்கள் எந்தக் கணக்கில் தூக்கினார்களோ தெரியாது.

அங்கேயே உட்கார்ந்து தீர்மானத்தை எழுதினேன். உரக்கப் படித்தேன். அதற்கப்புறம் கையெழுத்து வாங்கினேன். நம் வீட்டை இடிக்கச் சொல்லும் காகிதத்தை என் கையாலேயே எழுதி, நான் செய்த தப்பையும் தனியாக எழுதி, உன் இயக்குநர் பெயருக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். உன் ஏப்ரல் இரண்டாம் தேதிக் கடிதத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அதை நான் கிழித்துவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். எழுந்து சுவரைத் தடவிக்கொண்டே ஜன்னல்வரை போனாள். பிறகு, "எனக்காகப் பண்ணேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றாள். கூட்டத்திலேயே நான் சொல்லியிருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

அக்கா


மே 28

அக்கா,

இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். உன் தபால் அவர் மேசையில் பிரித்தபடி இருந்தது. "விதி பதினாலு யார் எழுதினது" என்று கேட்டார். நான்தான் என்றேன். படிக்கச் சொன்னார்.

"மன்றம் ஒருமுறை அளித்த முடிவைத் திரும்பப் பெறவோ மாற்றவோ இயலாது."

அதை எழுதிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பணமும் ஆள்பலமும் உள்ளவர்கள் மன்றத்தை மிரட்டி முடிவை மாற்ற வைப்பார்கள் என்று பயந்தேன். மக்கள் சொன்ன வார்த்தையை யாரும் தொடக்கூடாது என்று எழுதினேன். எழுதி முடித்ததும் எனக்கு நானே காபி வாங்கிக் கொடுத்தேன்.

முதல் தீர்மானமே பொய் என்று அவரிடம் சொன்னேன். "கையெழுத்துப் பொய்யா" என்றார். இல்லை என்றேன். "பதிவேடு பொய்யா" என்றார். இல்லை. "அப்போ அக்காவுக்கு மனசு சரியில்லைன்னு எடுத்துக்கறேன். உக்காருங்க." ஏப்ரலில் நான் உனக்கு எழுதியதையும் சொன்னேன். "அந்தக் கடிதம் இருக்கா" என்றார். கிழித்துவிட்டாள் என்றேன். "அப்போ எழுதலை" என்றார்.

இருபத்திரண்டு விதிகளையும் பத்துத் தடவை படித்துவிட்டேன், அக்கா. எங்காவது ஓர் ஓட்டை விட்டிருக்கமாட்டேனா என்று. இல்லை. அவ்வளவு ஒழுங்காக எழுதியிருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்களே, நான் குரங்கைப் பிடித்து அதற்குப் பூட்டும் போட்டிருக்கிறேன்.

மைதானத்துக்கு அடுத்த வாரம் இயந்திரம் வருகிறது. வீடு நிற்கும். எனக்கு அதில் சந்தோஷம் வரவில்லை, வருத்தமும் வரவில்லை. உன் முகத்தில் விழிக்க வெட்கமாக இருக்கிறது. இந்தக் கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியும்.

தம்பி


ஜூன் 24

தம்பி,

பதில் எழுதாமல் இருக்கத்தான் நினைத்தேன். அதற்கும் நீ ஒரு அர்த்தம் கண்டுபிடித்து வைத்திருக்கிறாய். நீ எழுதிய விதியிலேயே நீ சாக வேண்டாம், எழுதுகிறேன்.

மைதானத்தைத் தோண்டிவிட்டார்கள். பலகை வைத்திருக்கிறார்கள், "இவ்வூர் மக்களின் விருப்பப்படி". பிள்ளைகள் சாயங்காலத்தில் கம்பிவேலிக்கு வெளியே வரிசையாக நின்று இயந்திரத்தை வேடிக்கை பார்க்கிறார்கள். அப்புறம் நம் தெருவில் வந்து பந்து ஆடுகிறார்கள். நம் ஜன்னல் ஒன்று உடைந்தது. யாரும் கண்டிக்கவில்லை, நானும்.

கடைக்கு ஆள் குறைந்துவிட்டது. இரண்டு மைல் தள்ளிப் போய் மருந்து வாங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். கைகூப்பிய நம் தெருக்காரர்களும் இப்போது கண்ணைத் தாழ்த்திக்கொண்டு போகிறார்கள். ஊர் தங்களைப் போகச் சொன்னது அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. ஆறு பேர் யார் யார் என்பதும் தெரிந்துவிட்டது. எல்லாரும் அவரவர் வீட்டில் இருக்கிறோம், எல்லாரும் திருடிய வீட்டில் இருப்பதுபோல இருக்கிறோம். வாத்தியாரும் கண்ணாடிக் கடைக்காரரும் மட்டும் மறுபடியும் ஒன்றாக நடக்கிறார்கள். கடை வாசல் வந்ததும் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள்.

செயலாளர் வேலையை விட்டுவிடுகிறேன் என்று கடிதம் எழுதினேன். அதை ஏற்கவும் ஆறு கையெழுத்து வேண்டும். யாரும் வரமாட்டேன் என்கிறார்கள். "போட்டா நீ எழுதுறே, போடாட்டி அவங்க எழுதுறாங்க. எங்க கையெழுத்துக்கு இனிமே என்ன வேலை" என்றார் சலவைக் கடைக்காரர். ஆக, இல்லாத மன்றத்துக்கு நான் செயலாளர்.

ஐந்தாம் தேதி அடுத்த கவர் வந்தது. நம் ஊர் சுகாதார நிலையம் வாரத்தில் மூன்று நாள் திறந்திருக்க வேண்டுமா, இரண்டு நாளா? டிக் போட வேண்டும். பதில் வராவிட்டால் இரண்டு நாள். இந்தத் தடவை கேள்வி நல்ல கேள்விதான். மூன்று என்று எழுத ஆறு பேர் வந்தால் போதும், கிடைத்துவிடும்.

இரண்டு சனிக்கிழமை அந்த டிக்கெட் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது சனிக்கிழமை டிரைவர் அண்ணன் வந்தார். "கையெழுத்துக் கேக்காதே. சும்மா உக்காரத்தான் வந்தேன்" என்றார். அரைமணி நேரம் உட்கார்ந்தார். மூன்று நாளா இரண்டு நாளா என்று கேட்டேன். "மூணுதான். அதுல என்ன கேள்வி" என்றார். அப்புறம் என் கையைப் பார்த்தார். பேனா இல்லை என்று காட்டினேன்.

அதை வீட்டில் சொன்னபோது அம்மா கட்டிலில் இருந்து எழுந்துவிட்டாள். "நீ போனா கதவைத் திறக்கமாட்டாங்க. என்னைக் கூட்டிக்கிட்டுப் போ. நானே ஒவ்வொருத்தர்கிட்டயும் கேக்கறேன். கண்ணு தெரியாதவ வாசல்ல நின்னா முகத்துக்கு நேரா சாத்தவா முடியும்" என்றாள். அம்மா வாசலைத் தாண்டி இரண்டு வருடமாகிறது. நாலு பேர் வீட்டுக்காவது போக வேண்டும், எல்லாம் மேடும் பள்ளமுமான தெரு. சலவைக் கடைக்காரர் வீட்டுக்குப் பதினேழு படி.

ஜூலை ஐந்து கெடு. அதற்குமுன் ஒரு சனிக்கிழமைதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கிளம்பி வா. விதி எழுதிய ஆபீசராக வராதே, யாரிடமும் எதையும் விளக்காதே. என்னால் அவளை ஒரு பக்கம்தான் பிடிக்க முடியும்.

அக்கா